நான்காம் குழாய்

நாற்பத்தேழு மணி நேரம் ஓடிய இயந்திரம் காலை பத்தரைக்கு நின்றது. இரண்டு நாளாக ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் அடங்கியதும், அதற்கு அடியில் அமுங்கிக் கிடந்த மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின. குளிர்பெட்டியின் முனகல். ஜன்னல் கண்ணாடியில் மழை. எங்கோ ஒரு சொட்டு.

சொட்டு எங்கே விழுகிறது என்று அவள் தேடினாள். கைகழுவும் தொட்டியின் குழாய் இறுக்கமாக மூடியிருந்தது. கூரையில் கசிவு இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தபோது, தன் வலது கையுறையின் விளிம்பிலிருந்து தண்ணீர் விழுவதைக் கண்டாள். அவசரமாகக் கழற்றினாள். உள்ளே தேங்கியிருந்தது தரையில் கொட்டியது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"கையில குழாய் திறந்துவிட்டிருக்கியாம்மா?" என்றான் எதிர் மேசைக்காரன். அவளுக்கு இரண்டு வருடம் மூத்த ஆய்வாளன். எதைத் தொட்டாலும் கை கழுவுவதால் எல்லோருக்கும் அவன் சோப்பு அண்ணா. "ஆத்துத் தண்ணி தீர்ந்துபோச்சுன்னா உன்கிட்டயே பிடிச்சுக்கலாம் போல."

"வேர்வைண்ணா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்."

அது உண்மை. வாசலில் வருகைப் பதிவுக்கு வைத்திருந்த கைரேகை இயந்திரம் ஒரு நாளும் அவள் விரலை ஏற்றுக்கொண்டதில்லை. காவலாளி அலுத்துப்போய், "உனக்கு ரேகையே ஓடல. போ, கையெழுத்து போடு" என்று பேனாவை நீட்டுவார்.

துடைத்த கையோடு திரைக்கு முன் உட்கார்ந்தாள்.

அவர்களுடைய வேலை எளிமையானது, அலுப்பானது. ஊரைச் சுற்றி ஓடும் ஆற்றில் ஏழு இடங்களில் தண்ணீர் எடுப்பார்கள். வடிகட்டி, வடிதாளில் சிக்கிய உயிர்களை உடைத்து, அவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்து இடத்துக்கொரு சின்னக் குழாயில் அடைப்பார்கள். இயந்திரம் அந்தத் துணுக்குகளை எழுத்தெழுத்தாகப் படிக்கும். எந்தத் துணுக்கு எந்தக் கிருமியுடையது என்று கணினி சொல்லும். ஒரு குவளை ஆற்றுநீருக்குள் கோடிக்கணக்கில் குடியிருப்பவர்களின் கணக்கு அது. யார் புதிதாக வந்தார்கள், யார் காணாமல் போனார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

ஆற்றில் மனிதனின் துணுக்குகளும் கொஞ்சம் இருக்கும். குளிப்பவர்கள், துவைப்பவர்கள், சாக்கடை. அவற்றைக் கணினி முதல் வேலையாகக் கழித்துத் தள்ளிவிடும். இதுவரை யாரும் அவற்றைத் திரும்பிப் பார்த்ததில்லை. போன மாதம் வெள்ளம் வந்து கரைகளை அறுத்துக்கொண்டு போன பிறகுதான், "இந்தத் தடவை மனுஷக் கணக்கையும் கழிக்காம வை. மாதிரி எடுத்தவங்க எச்சில் விழுந்திருக்கான்னு பார்க்கணும்" என்று துறைத்தலைவி சொல்லியிருந்தார். மாதிரி எடுத்தவள் அவள் ஒருத்திதான். அதனால் தன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி, அதை எட்டாவது குழாயில் போட்டிருந்தாள். ஒன்பதாவதில் வெறும் சுத்தநீர். அதில் ஏதாவது தென்பட்டால் ஆய்வுக்கூடமே அசுத்தம் என்று பொருள்.

ஒன்பதில் எதுவும் இல்லை. நல்லது.

ஒன்று, இரண்டு, மூன்று. ஆற்றின் கிருமிகள்.

நான்கு. பழைய பாலத்துக்குக் கீழே, வெள்ளத்தில் கரை சரிந்த இடம். நூறில் தொண்ணூறு துணுக்கு மனிதனுடையது. ஒரே ஆள். பெண்.

ஐந்து, ஆறு, ஏழு. ஆற்றின் கிருமிகள்.

எட்டு. அவள் கன்னம்.

ஆற்றுக் கிருமிகள். பாசிகள். மனிதத் துணுக்கு ஒன்றுகூட இல்லை.

*

"ஆத்துக்குள்ள நீ இருக்க. உன் வாய்க்குள்ள ஆறு இருக்கு," என்றார் துறைத்தலைவி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் அதன் மேல் விளிம்பு வழியாகப் பார்ப்பது அவர் வழக்கம். "என்ன நடந்துச்சுன்னு சின்னப் பிள்ளைகூட சொல்லும். டியூபை மாத்தி வச்சுட்ட."

"இல்ல மேடம். நம்பர் எழுதி, ரெண்டு தடவை..."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

அவள் எச்சிலை விழுங்கினாள். பயந்தால் வாயில் எச்சில் ஊறும். அதை விழுங்கி விழுங்கியே நேரம் போய்விடும்.

"ஒரு டியூப் மாறினா ஆறு மாச வேலை குப்பை. மறுபடியும் முதல்லேர்ந்து செய்யணும். நீ தொடக் கூடாது, உன் எதிர் டேபிள்காரன் செய்யட்டும். அவன் கையில சரியா வந்துச்சுன்னா, அன்னிக்கே பையை எடுத்துட்டுக் கிளம்பிடு. புரியுதா?"

தலையாட்டினாள். அவள் நகர்ந்ததும் துறைத்தலைவி நாற்காலியின் மெத்தையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். "குடை இல்லாமலா வந்த? நனைச்சு வச்சிருக்க பாரு."

அவள் குடையோடுதான் வந்திருந்தாள்.

சோப்பு அண்ணா அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, புதுப் பஞ்சுக்குச்சியைப் பிரித்து அவனே கன்னத்தில் தடவினான். குச்சியைத் தன் கையைவிட்டு இறக்காமல் குழாயில் போட்டு மூடினான். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த பாலத்துத் தண்ணீரையும் அவனே எடுத்தான்.

"பயப்படாதே. எனக்கும் மொத வருஷம் இப்படி ஒரு கூத்து ஆச்சு. எறும்பைக் கண்டுபிடிச்சேன்னு குதிச்சேன். கடைசில பார்த்தா என் பிஸ்கட்டுல இருந்த எறும்பு." அவள் சிரிக்கவில்லை என்று கண்டு குரலைத் தாழ்த்தினான். "நிஜமா நீ மாத்தலையா?"

"இல்லண்ணா."

"அப்போ நாலுல இருக்கிற ஆள் வேற யாரோ. அதை நிரூபிச்சா மேடம் வாயை மூடிடலாம். உங்க அம்மாவோட எச்சில் மாதிரி ஒண்ணு கொண்டு வா. அம்மாவோட டி.என்.ஏ.ல பாதி பிள்ளைக்கு வரும் இல்லையா? நாலாம் நம்பர் உங்க அம்மா பிள்ளை இல்லைன்னு தெரிஞ்சுட்டா, உன் மேல பழி இல்ல."

*

வீட்டில் இருவர்தான். அப்பா அவளுடைய நான்கு வயதில் போய்விட்டார். ஏன் என்று கேட்டால் அம்மா அடுப்பைத் துடைக்கப் போய்விடுவாள்.

அம்மா எப்போதும் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். மகள் உட்காரும் நாற்காலியில் ஒரு துண்டு விரித்திருக்கும். அவள் படுக்கைக்குக் கீழே ரப்பர் விரிப்பு. காலையில் அவள் கண் விழிப்பதற்கு முன்பே அறையிலிருந்து வாசல்வரை தரை துடைக்கப்பட்டு ஈரம் மின்னும். தலை துவட்டினாலும், காய்ச்சல் பார்க்க நெற்றியைத் தொட்டாலும், அம்மாவின் கைக்கும் அவளுக்கும் நடுவில் அந்தத் துண்டு இருக்கும். பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "இங்க பாரு" என்பாள். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இப்படித்தான் என்று வெகுநாள்வரை நினைத்திருந்தாள்.

"இங்க பாரு, தட்டு வச்சிருக்கேன்."

உட்கார்ந்தாள். மழைக்குச் சாத்திய ஜன்னல்களால் வீடு புழுங்கியது. சுவரில் அவள் தலை படும் இடத்தில் பச்சை படர்ந்து, அதை அம்மா சுரண்டிய தழும்புகள் தெரிந்தன.

"அம்மா, எனக்கு ஒண்ணு வேணும். ஒரு பஞ்சுக்குச்சியை வாயில வச்சு எடுத்துத் தரணும். ஆபீஸ் வேலை."

"உங்க ஆபீஸ் தண்ணிக்கும் என் வாய்க்கும் என்ன சம்பந்தம்?"

"ஆத்துல ஒரு மாதிரி எடுத்தோம். அதுல யாரோட டி.என்.ஏ.வோ கலந்திருக்கு. என் தப்புன்னு சொல்றாங்க. இல்லைன்னு காட்டலைன்னா வேலை போயிடும்."

"எந்த ஆறு?"

"நம்ம ஆறுதான். பழைய பாலத்துக்குக் கீழ."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. குழம்பு அதன் நுனியில் திரண்டு, கனத்து, மேசையில் விழுந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக எதையோ துடைக்காமல் விட்டாள்.

"குழாய்த் தண்ணி சோதிக்கிற வேலைன்னு சொன்னே."

"நீ ஆறுன்னாலே கத்துவியேன்னுதான்..."

"அங்க போனியா? தண்ணிக்குள்ள இறங்கினியா?"

"முழங்கால் வரைக்கும்."

"எப்படி இருந்துச்சு?"

விசித்திரமான கேள்வி. அதைவிட விசித்திரம், அம்மா அதைக் கேட்ட விதம். மகளிடம் கேட்பதுபோல இல்லை. அக்கம்பக்கத்தில் யாரோ ஒருத்தி தன் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால், நடைவாசலில் நின்று கேட்போமே, அப்படி.

"குளிரவே இல்லம்மா," என்றாள்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். "அந்த வேலையை விட்டுடு. நாளைக்கே போய்ச் சொல்லிடு." தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கம்.

விடிந்ததும் குளியலறையிலிருந்து அம்மாவின் பல்துலக்கியை எடுத்து, பையில் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். திருட்டுதான். ஆனால் அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு மேசை, அந்த ஒரு நாற்காலி. அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

*

மறுபடி இயந்திரம் உறுமத் தொடங்கியது. இந்தத் தடவை அந்த உறுமலுக்குள் வேறொன்று கேட்டது: கூழாங்கற்கள்மீது நீர் இழுபடும் மெல்லிய சரசரப்பு, காதை மூடினால் இன்னும் துலக்கமாக, ஏதோ வெளியிலிருந்து வராமல் அவள் காதுக்குள்ளேயே, கன்ன எலும்புக்குப் பின்னால், தொண்டையின் அடியில் ஓடிக்கொண்டிருப்பதுபோல. வீட்டுக்குப் போனால் அங்கும் அது. அம்மா தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். காலையில் தரை துடைக்கப்படவில்லை. படுக்கையிலிருந்து அறைவாசல்வரை தன் பாதச்சுவடுகளை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். வழவழவென்று, ஓரத்தில் மெல்லிய வண்டல் படிந்து. ஆற்றங்கரை மணம்.

அவள் இரவில் எழுந்து நடந்ததாக நினைவில்லை.

சுவடுகள் அம்மாவின் அறைக்கதவு வரை போய், அங்கே வெகுநேரம் நின்றிருந்தன.

இரண்டாம் நாள் மாலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது சோப்பு அண்ணா திரைக்கு முன்னால் இருந்தான். அவளைக் கண்டதும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான். கையில் சோப்பு நுரை அப்படியே காய்ந்திருந்தது.

"வந்துருச்சாண்ணா?"

"உனக்கு அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"நாலாம் நம்பர் உங்க அம்மா பிள்ளை."

அப்படியென்றால் குழாய் மாறியது உண்மை. தவறு அவளுடையது. "அப்போ... மேடம் சொன்னது சரிதானா?"

"நான் செஞ்சேன்ல? நான் மாத்தல. என் கண்ணு முன்னாடி உன் வாயிலேர்ந்து எடுத்தேன்." அவன் திரையைத் தொட்டுக் காட்டினான். "மறுபடியும் அதே தான் வருது. எட்டாம் நம்பர்ல ஆத்துக் கிருமிதான். ஆனா இன்னிக்கு ஓடுற ஆறு இல்ல. சாயப்பட்டறை வர்றதுக்கு முன்னாடி இருந்த ஆறு. ஆழத்துச் சேறைத் தோண்டிப் பார்த்தப்பதான் அந்தக் கிருமியெல்லாம் கிடைச்சுது. இருபது வருஷமா தண்ணியில கிடையாது. உன் வாயில இருக்கு. உயிரோட இருக்கு."

மழை நின்றிருந்தது. எங்கோ ஒரு சொட்டு. இன்னொன்று.

"நாலுலயும் பாரு. மனுஷன் வாயில இருக்கிற கிருமி ஒண்ணுகூட இல்ல. மண்ணுக்குள்ள புதைஞ்ச எலும்பைத் தின்னுற கிருமிதான் இருக்கு. அது கன்னத்துலேர்ந்து எடுத்தது இல்ல." திரையை அணைத்தான். "மெஷின் சரி. நான் சரி. நீயும் சரியாத்தான் செஞ்சிருக்க. போதுமா?"

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் இத்தனை நாளாகத் தவித்தாள். இப்போது அது கிடைத்துவிட்டது.

"அண்ணா, எனக்குப் பயமா இருக்கு." ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"கிட்ட வராதே." அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை, காலடியில் இருந்தது. "தயவுசெஞ்சு வீட்டுக்குப் போ. மேடம்கிட்ட நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ இனிமே வராதே. போயிடு."

குனிந்து பார்த்தாள். அவளைச் சுற்றித் தரையில் வட்டமாகத் தண்ணீர்.

*

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள்.

மறுபடி தட்டினாள். உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கேட்டது.

"அம்மா. நான்தான்."

வெகுநேரம் கழித்துத் தாழ் விலகியது. அம்மா கையில் துண்டோடு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அப்பவும் இப்படியேதான் சொன்னே," என்றாள். "'அம்மா, நான்தான்'."

விளக்கு போடவில்லை. துண்டு விரித்த நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்கார்ந்தாள். அம்மா எதிரே தரையில் உட்கார்ந்தாள், கைக்கு எட்டாத தூரத்தில்.

"பாலத்துக்குக் கீழ யாரும்மா?"

"உனக்கு நாலு வயசு..." அம்மா நிறுத்தினாள். "இல்ல. அவளுக்கு நாலு வயசு. படித்துறையில கால் வழுக்கிடுச்சு. நான் துணியைப் பிழிஞ்சுட்டுத் திரும்பினேன். ஆளைக் காணோம். மூணு நாள் தேடினாங்க. மூணாம் நாள் விடியக்காலைல கதவு தட்டுற சத்தம். திறந்தா நீ. சொட்டச் சொட்ட. அதே முகம். அதே மச்சம். அதே கவுன்."

"அப்போ நான்தானே?"

"கவுனைக் கழட்டினேன். நான் என் கையால தைச்ச கவுன் அது. நீ போட்டிருந்ததுல தையலே இல்ல."

அறை இருட்டிக்கொண்டு வந்தது. நீரின் சரசரப்பு. மிக அருகில்.

"உங்க அப்பா பார்த்தார். இது நம்ம பிள்ளை இல்லைன்னார். இதை உள்ள விடாதேன்னார். நான் கேக்கல. அன்னிக்கே போயிட்டார்."

"நீ ஏம்மா விட்டே?"

"அம்மான்னு கூப்பிட்டியே. மூணு நாளா அந்தச் சத்தத்துக்குத்தான் காதைத் தீட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எதுவா இருந்தா எனக்கென்ன?" துண்டை முறுக்கினாள். "நீ யாருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டா சொல்லிடுவியோன்னு பயம்."

அவளுக்கு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் எது கண்ணீர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒரு வாரம் கழிச்சு ஆள் வந்துச்சு. பாலத்துக்குக் கீழ, வேருல சிக்கி ஒரு குழந்தை கிடக்கு, வந்து பாருங்கன்னு. உன்னைத் தூங்கவச்சுட்டுப் போனேன்."

"போய்?"

அம்மா எழுந்தாள். கிட்டே வந்தாள். துண்டை மடித்துக் கீழே வைத்தாள்.

பிறகு, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, நடுவில் எதுவும் இல்லாமல், தன் வெறும் உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்தாள்.

கன்னம் அமுங்கியது. எலும்பு தட்டுப்படவில்லை. அம்மாவின் விரலிடுக்குகளிலிருந்து தண்ணீர் கசிந்து, மணிக்கட்டில் வழிந்து, முழங்கையில் திரண்டு தரையில் விழுந்தது. பழைய தண்ணீர். சேற்று வாசனை. நிற்கவில்லை. நாற்காலிக்கு அடியில் பரவியது. அம்மாவின் பாதங்களை நனைத்தது. சுவரோரம் திரும்பி, தனக்குத் தெரிந்த வழியில் போவதுபோல வாசலை நோக்கி ஓடியது. அம்மா கையை எடுக்கவில்லை. அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் என்ன வரும் என்று தெரியும்.

"கரையிலேயே புதைக்கக் குழி தோண்டி வச்சிருந்தாங்க. துணியை விலக்கிக் காட்டினாங்க," என்றாள் அம்மா. "கவுன்ல என் தையல் இருந்துச்சு. ஒவ்வொரு தையலா எண்ணிப் பார்த்தேன். அப்புறம், இது என் பொண்ணு இல்ல, என் பொண்ணு வீட்டுல தூங்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."